பாட்டு அறுந்தால்

ஜனவரி 19, திங்கள்

பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, தவசிமுத்து சாரிடமிருந்து போன். வைகைக் காளைகள் கபடி அணிக்கு அவர்தான் கோச். நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்தில் யார் யார் நன்றாக ஆடுகிறார்கள் என்று பார்த்து அவருக்கு எழுதிக் கொடுக்கிற வேலை என்னுடையது. பி.டி. டீச்சர் உத்தியோகம் போக மிச்ச நேரத்தில் இது.

"ரோசு, கோவில்பட்டிப் பக்கம் ஒரு காலேஜ்ல இசக்கிதுரைன்னு ஒருத்தன் இருக்கானாம். லெஃப்ட் ரைடர். காத்தா வந்துட்டுப் போறாங்கிறாய்ங்க. பார்த்துட்டு, நம்ம டீமுக்கு ஆவானா மாட்டானான்னு சொல்லும்மா. பிப்ரவரி பத்துல ஆட்டக்காரங்க லிஸ்ட் போகணும்."

"லெஃப்ட் ரைடர்தான் நம்மகிட்ட இருக்கானே சார்."

"ஒருத்தனைத்தான்மா வச்சுக்கிற முடியும். ஒண்ணு அவன், இல்லேன்னா உன் தம்பி. வேற ஆளை அனுப்பிருப்பேன். நீ போனாத்தான் நான் நிம்மதியா இருப்பேன். உன் வாயில பொய் வராது."

சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். மனுஷன் பாராட்டினாரா, கழுத்தில் கயிறு மாட்டினாரா என்று தெரியவில்லை.

தம்பி ஜோயலுக்கு வயது முப்பத்தொன்று. ஐந்து சீசனாகக் காளைகளுக்கு லெஃப்ட் ரைடர், அதாவது இடது பக்கமிருந்து எதிர்க் களத்துக்குப் பாடிப் போகிறவன். மாடியில் இருக்கிறான், மனைவி மெர்லினோடு. அவளுக்கு இது ஏழாம் மாதம். இந்த வயதில் இந்த இடம் போனால் வேறு எந்த அணி அவனை எடுக்கும்? ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

அதனால் என்ன. வீடு வேறு, வேலை வேறு. நான் அந்த மாதிரி ஆள் கிடையாது. இட்லி மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்து கிடந்தது. துடைக்கவே அரை மணி நேரம் போயிற்று.

ஜனவரி 22

பையனைப் பார்த்தேன். கல்லூரி மைதானத்தில் இறுதிப் போட்டி. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு நாற்காலி போட மாட்டேன் என்கிறார்கள், கேட்டதற்கு, "மேடம் யாரோட அம்மா?" என்றான் ஒருவன். என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

பையன் ஒல்லி. தோள் போதாது. தாண்டினால் ஒரு பாயிண்ட் கிடைக்கிற போனஸ் கோட்டைப் பார்த்தால் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓடுகிறான். ஓரத்தில் நின்று காலைப் பிடிக்கிற பெரிய கார்னர் ஒருத்தன் கணுக்காலில் கை வைத்தால் ஒடிந்து விழுவான். இதெல்லாம் எழுதிக்கொண்டேன்.

கால் நல்ல கால். அதையும் எழுதினேன்.

கடைசி ஐந்து நிமிடம், ஆட்டம் சமம். பாடிக்கொண்டு உள்ளே போனான். இரண்டு பேரைத் தொட்டான். நாலு பேர் மேலே விழுந்தும் அவர்களுக்கு நடுவே வழிந்து வந்து கோட்டைத் தொட்டுவிட்டான். நடுவர் இரண்டு பாயிண்ட் என்று விரலைக் காட்டிவிட்டார். மைதானமே குதிக்கிறது. இவன் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, வலது கையைத் தூக்கினான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டான்.

பாட்டு அறுந்திருக்கிறது. கபடி கபடி என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டு போய், பாடிக்கொண்டே திரும்ப வேண்டும். நடுவில் நின்றால் அவுட். அந்தக் கூச்சலில் பாட்டு நின்றதா ஓடியதா என்று நடுவருக்கு எங்கே கேட்கப்போகிறது? பாடுகிறவனுக்குத்தான் தெரியும். அதற்காகத்தான் எங்கள் பக்கத்து மைதானங்களில் இந்த வழக்கம்: பாட்டு அறுந்தவன் தானே கையைத் தூக்கிவிட்டுப் போவான். நானும் தூக்கியிருக்கிறேன். ஜோயலும் சின்ன வயதில் தூக்கியிருக்கிறான். காளைகள் ஆடுகிற பெரிய லீகில் இதெல்லாம் கிடையாது. அங்கே கடிகாரமும் கேமராவும்தான். உதடு அசைந்தால் போதும்.

அவன் கூட்டாளிகள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். தோற்றும் போனார்கள். கிறுக்குப் பயல்.

ஜனவரி 23

குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரிக்காரன் போனை எடுக்கவில்லை. நாசமாய்ப் போக.

ஜனவரி 25, ஞாயிறு

கோவிலுக்குப் போக மூன்று பேரும் கிளம்பினோம். ஜோயல் மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினான். பாசி பிடித்திருக்கும் போல, வழுக்குகிறது. பிளீச்சிங் பவுடர் வாங்கிப் போட்டுத் தேய்க்க வேண்டும்.

மாடியில் தைல வாசனை ஆளைத் தூக்குகிறது. பாவம் மெர்லின், இடுப்பு வலி படுத்துகிறது போலிருக்கிறது. ஏழாம் மாதம் அல்லவா.

பிரசங்கம் நீளம். ஜோயல் முழங்கால் போடவில்லை, உட்கார்ந்தபடியே ஜெபித்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பக்தி குறைந்துவிட்டது. மத்தியானம் விளமீன் குழம்பு. உப்பு கூடிவிட்டது என்று அவன் சொன்னான், நான் இல்லை என்றேன், மெர்லின் இரண்டு பேருக்கும் பொதுவாகச் சிரித்தாள்.

ஜனவரி 29

கயத்தாறு பக்கம் ஓர் ஊரில் சாயங்காலப் போட்டி. இசக்கிதுரை ஆடினான். இன்று குறை கண்டுபிடிக்கத்தான் போனேன் என்று யாராவது சொன்னால் செருப்பால் அடிப்பேன். ஒரு ஆளை இரண்டு முறை பார்ப்பதுதான் முறை.

ஆட்டம் முடிந்து அவனைக் கூப்பிட்டேன். ஓடி வந்தான். பல் எல்லாம் தெரியச் சிரிப்பு.

"அக்கா, நீங்க ஜோயல் அண்ணனோட அக்காதான? அண்ணன் ஆட்டத்தைப் பாத்துத்தான் நான் ரன்னிங் டச்சே படிச்சேன். நூறு தடவ பாத்திருப்பேன்."

"பாத்தா மட்டும் போதாதுல. உடம்ப ஏத்து. சாப்புடுதியா இல்லியா?"

"சாப்புடுதேன்க்கா. ஏற மாட்டேங்கு." பிறகு கொஞ்சம் தயங்கினான். "அக்கா, தப்பா நெனைக்காதிய. அண்ணனுக்கு வலது முழங்காலு சரியில்லியோ? போன சீசன் கடைசில ஒரு தடவகூட வலது பக்கம் திரும்பல. எல்லாத்தயும் இடது பக்கமே முடிச்சிட்டாரு."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "ஒன் வேலயப் பாருல. அவன் காலப் பத்தி நீ கவலப்படாண்டாம்."

முகம் செத்துப் போயிற்று அவனுக்கு. "சரிக்கா, தெரியாம கேட்டுட்டேன்" என்றான். எதற்கும் இருக்கட்டும் என்று என் நம்பரைக் கேட்டான், கொடுத்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எரிச்சல். மீசை முளைக்காத பயலுக்கு என்ன வாய்!

மீசை இருக்கிறது அவனுக்கு. சும்மா எழுதினேன்.

ஜனவரி 30

ஜோயல் காப்பிக்கு வந்தான்.

"அந்தப் பய எப்படிக்கா?"

"சுமார்."

"சுமாரா? தூத்துக்குடியே அவனப் பத்தித்தான் பேசுது."

"தூத்துக்குடிக்கு என்ன தெரியும்?"

சிரித்தான். காப்பியை முழுக்கக் குடிக்கவில்லை. அடுப்படி முக்காலியிலிருந்து எழுந்தபோது மேடையில் கையை ஊன்றி எழுந்தான். அந்த முக்காலி ரொம்பத் தாழ்வு. மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 2

தவசிமுத்து சாருக்கு அனுப்பிவிட்டேன். எழுதியதை இங்கேயும் வைக்கிறேன்: "வேகம் உண்டு. எடை போதாது. போனசுக்கு அவசரப்படுகிறான். முக்கியமான நேரத்தில், நடுவர் கொடுத்த பாயிண்ட்டைத் தானே கை தூக்கி விட்டுக்கொடுக்கிற பழக்கம் இருக்கிறது. பெரிய ஆட்டத்துக்குத் தாங்க மாட்டான். நம் அணிக்கு ஆகாது."

இதில் ஒரு வார்த்தை பொய் உண்டா? கிடையாது. எல்லாம் என் கண்ணால் பார்த்தது.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "சரிம்மா ரோசு. நீ சொன்னா மறுபேச்சு இல்ல. அவன்கிட்ட வேண்டாம்னு சொல்லிடச் சொல்றேன்."

ஏன் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் அந்த மனுஷன்.

பிப்ரவரி 3

அடுப்பில் சாளை மீன் கருகிவிட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் காரணமில்லாமல் மைதானத்தை இரண்டு சுற்று ஓடவிட்டேன். அதில் ஒன்று, "டீச்சருக்கு என்னட்டி ஆச்சு?" என்று பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டது. காதில் விழாத மாதிரி நின்றேன்.

பிப்ரவரி 5

மெர்லினுக்கு நல்ல தைலம் ஒன்று வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனேன்.

"எனக்கெதுக்கு மைனி தைலம்?"

"ஒனக்கு இடுப்பு வலின்னு..."

"எனக்கா? நான் நல்லாத்தான இருக்கேன்." உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாங்கி அலமாரியில் வைத்தாள். "இருக்கட்டும் மைனி, ஆவும்" என்றாள். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்துவிட்டு இறங்கி வந்தேன்.

படி காய்ந்துதான் இருந்தது.

சாயங்காலம் புது நம்பரிலிருந்து போன். இசக்கிதுரை. அழுதிருப்பான் போல. ஆனாலும் கோபமில்லை. அதுதான் எனக்கு ஆகவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன்.

"அக்கா, வேண்டாம்னு சொல்லிட்டாவ. பரவால்ல. என்கிட்ட என்ன கொறைன்னு சொன்னியன்னா சரி பண்ணிக்கிடுவேன். அடுத்த வருசம் பாக்கலாம்லா?"

என்ன சொல்வேன்? எழுதிக் கொடுத்ததைத்தான் சொல்ல முடியும். "கையத் தூக்குத பாத்தியா, அத விடணும்ல. அங்கன அதெல்லாம் செல்லாது. நடுவர் குடுத்தா வாங்கிட்டு வந்துரணும்."

"சரிக்கா. விட்டுருதேன்" என்றான்.

அப்படி உடனே சரி என்பான் என்று நான் நினைக்கவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

கோவில் முடிந்து நேரே இசக்கிதுரை ஊருக்குப் பஸ் ஏறிவிட்டேன். அங்கே இன்று போட்டி. அறிக்கை போயாயிற்று, இனி எதற்குப் பார்க்க வேண்டும் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கூட்டத்தின் பின்னால் முக்காடு போட்டுக்கொண்டு நின்றேன். திருடி மாதிரி.

நன்றாக ஆடினான். நன்றாக என்று எழுதிவிட்டு அடிக்கத் தோன்றுகிறது. அடிக்கவில்லை. என் வாழ்நாளில் இப்படி ஒரு காலை நான் பார்த்ததில்லை. கார்னர் பாய்கிற நேரத்துக்கு அவன் அங்கே இருப்பதில்லை. தோள் ஒல்லிதான், யாராவது தொட்டால்தானே தோளுக்கு வேலை?

இரண்டாம் பாதியில் மூன்று பேர் சேர்ந்து அமுக்கினார்கள். உருண்டு வந்து கோட்டைத் தொட்டான். நடுவர் பாயிண்ட் கொடுத்தார். இவன் எழுந்தான். கை மேலே வந்தது. தோள் வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது. அப்புறம் பையக் கீழே இறங்கிவிட்டது. டவுசரில் துடைத்துக்கொள்கிறவன் மாதிரி அந்தக் கையைத் துடைத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனான்.

கூட்டம் கைதட்டியது. நான் முக்காட்டை இன்னும் இழுத்து விட்டுக்கொண்டேன். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடக் கர்த்தரே, நான் என்ன செய்துவிட்டேன்!

வீட்டுக்கு வந்தால் வாசலில் ஜோயல். "காலைல ஒங்க ஸ்கூல் கிரவுண்டுக்கு வா. என்னப் பிடிச்சுப் பாரு. ரொம்ப நாளாச்சு" என்றான். அவனுக்கும் பத்தாம் தேதி போகிற லிஸ்ட் மனதில் கிடக்கிறது. சரி என்றேன்.

பிப்ரவரி 9, திங்கள்

ஆறரை மணிக்குப் பள்ளி மைதானம். எங்களைத் தவிர ஆள் கிடையாது. நான் ஒரு காலத்தில் மாநில அணிக்குக் கார்னர். கணுக்காலைப் பிடித்தேன் என்றால் பிடித்ததுதான். ஜோயல் கபடி படித்ததே என் பிடியிலிருந்து தப்பிக்கத்தான்.

பாடிக்கொண்டு வந்தான். இரண்டு முறை இடது பக்கமே போய்வந்தான். மூன்றாம் முறை, "வலது பக்கம் வால" என்றேன். ஏன் சொன்னேன்? தெரிந்துதான் சொன்னேன். இனி தெரியாது தெரியாது என்று எழுதிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை.

வந்தான். விழுந்து கணுக்காலைப் பிடித்தேன். பிடி விழுந்துவிட்டது. கோட்டுக்குப் போக உடம்பைத் திருப்பினான். முழங்காலுக்குள் ஏதோ நழுவுவது என் கைக்குத் தெரிந்தது. கபடி கபடி என்று ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. "ம்" என்று ஒரு சின்னச் சத்தம். என் காதுக்கு அவ்வளவு பக்கத்தில் கேட்டது.

பிடியை விட்டுவிட்டேன்.

ஊர்ந்து போய்க் கோட்டைத் தொட்டான். தொட்டபடியே கிடந்தான்.

"ஏன்க்கா விட்ட?"

"வழுக்கிட்டுல. வேர்வ."

"காலங்காத்தால எனக்கு ஏது வேர்வ?"

அவன் இடது காலை ஊன்றி எழுந்தான். என்னைப் பார்த்தபடி நின்றான். பிறகு வலது கையைத் தூக்கினான். முழுதாக, தலைக்கு மேலே, சின்னப் பிள்ளையில் தூக்குவானே அப்படி.

"ஏல, கையக் கீழ போடு."

"பாட்டு அறுந்துட்டுக்கா."

"யாருல கேட்டா? நீ கோட்டத் தொட்டுட்ட. போடு கீழ!"

"ஒனக்குக் கேட்டுது. அதான் விட்ட." கையை இறக்கவே இல்லை. அப்படியே நொண்டிக்கொண்டு கோட்டைத் தாண்டி வெளியே போய், வேப்பமரத்தடியில் உட்கார்ந்த பிறகுதான் இறக்கினான்.

நான் மண்ணிலேயே உட்கார்ந்து அழுதேன். இந்த மைதானத்தில் எத்தனை பிள்ளைகளை அழாதே என்று அதட்டியிருப்பேன். இன்று அவ்வளவும் சேர்த்து அழுதேன்.

"அந்தப் பயலப் பத்தி என்ன சொன்ன?" என்று கேட்டான்.

"ஆவாதுன்னு."

"ஆவானா?"

"ஆவான்ல. ஒன்னவிட நல்லா ஆவான்."

தலையை ஆட்டினான். அது அவனுக்கு வலித்தது, நான் பார்த்தேன். "அப்ப போனப் போடு" என்றான்.

அங்கேயே நின்று போட்டேன். எல்லாம் சொன்னேன். பையன் ஆவான், ஆட்டத்தில் குறை கிடையாது, நான் குறை தேடி எடுத்தேன், ஜோயலுக்கு முழங்கால் போய்விட்டது, அது எனக்குத் தெரியும், ரொம்ப நாளாகத் தெரியும். தவசிமுத்து சார் முழுக்கக் கேட்டுக்கொண்டார். நானே, "சார்?" என்றேன்.

"லிஸ்ட் இன்னும் போகலை. பையனைப் போட்டுக்கிறேன்" என்றார். பிறகு, "அடுத்த வருசம் உங்க பக்கத்துக்கு வேற ஆளைப் பார்த்துக்கிறேன் டீச்சர்."

ரோசு என்று கூப்பிடவில்லை. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக டீச்சர் என்றார். சரிதான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

இசக்கிதுரைக்கும் நானே சொன்னேன். குதிப்பான் என்று நினைத்தேன்.

"நெசமாவாக்கா?" என்றான். மூச்சு வாங்குவது கேட்டது. அடுத்து, "அப்ப ஜோயல் அண்ணன்?"

"ஏல, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. பாட்டு அறுந்தா கையத் தூக்கு. எங்க ஆடினாலும் தூக்கு" என்று மட்டும் சொன்னேன். அவன் அழுதான். எனக்கு முதல் பாடவேளை மணி அடித்துவிட்டது. முகத்தைக் கழுவிவிட்டு ஆறாம் வகுப்புக்குப் போனேன்.

பிப்ரவரி 10

லிஸ்ட் வந்துவிட்டது. ஜோயல் பெயர் இல்லை. மெர்லின் மத்தியானம் முழுக்க இறங்கி வரவில்லை. மேலே பாத்திரம் மட்டும் சத்தமாக உருண்டுகொண்டிருந்தது. அவளுக்கு என் மேல் கோபம் இருக்கும். இருக்கட்டும்.

சாயங்காலம் காப்பி போட்டு, "ஜோயலு" என்று கூப்பிட்டேன். மாடிக் கதவு திறந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, முதலில் வலது காலை வைத்து, பிறகு இடது காலைப் பக்கத்தில் இறக்கி, ஒவ்வொரு படியாக இறங்கினான். யாராவது பார்க்கிறார்களா என்று இன்று அவன் பார்க்கவில்லை. நான் கீழே டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்று, கடைசிப் படி வரைக்கும் பார்த்தேன்.

படி வழுக்கவில்லை. ஒரு நாளும் வழுக்கியதில்லை.